இந்தியத் தொலைபேசி வளர்ச்சி, அரசியல், அயல்நட்பு: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்தியச் செய்தி பேசாத நாள் இல்லை. தொலைபேசித் துறையில் கம்பி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கோவில் மண்டபமானாலும் சாப்பாட்டுக் கடையானாலும் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்சி அபிமானிகள் சிலருக்கு இவை பிடிக்காமல் போகலாம். எனக்கு முக்கியமானது ஒன்றுதான்: கடைசி வரிசையில் நிற்பவரின் கைக்குத் தொலைபேசிக் கம்பி எப்போது வந்து சேர்ந்தது?

இந்தியாவில் தொலைபேசி பெருகிவிட்டது என்கிறார்களே, எவ்வளவு பெருகியது?

1947-இல் சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 80 ஆயிரம் இணைப்புகள் இருந்தன. 1991-இல் பொருளாதாரக் கதவு திறந்த நேரத்தில் சுமார் 50 லட்சம். இன்று கைப்பேசி இணைப்புகள் மட்டுமே 110 கோடிக்கு மேல். ஒருவரே இரண்டு சிம் வைத்திருப்பது அங்கே சாதாரணம் என்பதால் இந்த எண்ணிக்கையை அப்படியே ஆள்கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த எண்களுக்கு நடுவில் மறைந்திருப்பது காத்திருப்பு. 1980-களில் வீட்டுக்குத் தொலைபேசி கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தக் காலத்தில் வந்த கடிதங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் எடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் "பி.பி." என்று இருக்கும். அது பக்கத்து வீட்டு எண். அழைத்தால் யாராவது ஓடிப்போய் நம் உறவினரைக் கூட்டி வர வேண்டும். அதற்குள் இங்கே நம் மலேசிய வெள்ளி கரைந்துகொண்டிருக்கும்.

இதைக் கொண்டு வந்தது ராஜீவா, வாஜ்பாயா, மன்மோகனா, மோடியா?

நால்வருக்கும் பங்கு உண்டு. அவர்களைத் தவிர நரசிம்ம ராவுக்கும், பெயர் வெளியே தெரியாத ஆயிரக்கணக்கான பொறியாளர்களுக்கும் பங்கு உண்டு. ஒருவர் படத்தை மட்டும் மாட்டிவைத்தால் வரலாறு பொய்யாகிவிடும்.

1984 ஆகஸ்டில், இந்திரா காந்தியின் ஆட்சியில், சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய சாம் பிட்ரோடா அதற்கு வழிகாட்டினார். ராஜீவ் காந்தி முழு ஆதரவு கொடுத்தார். இணைப்பகம் என்பது ஓர் அழைப்பை இன்னொரு எண்ணோடு இணைத்துவிடும் இயந்திரம். வெளிநாட்டு இணைப்பகங்களுக்குக் குளிரூட்டிய அறையும் தடைபடாத மின்சாரமும் தேவைப்பட்டன. இந்தியக் கிராமங்களில் அன்று இரண்டும் கிடையாது. வெக்கையையும் புழுதியையும் தாங்கி, குளிர்சாதனம் இல்லாமலே ஓடக்கூடிய 128 இணைப்புச் சிற்றிணைப்பகம் ஒன்றை அந்த இளைஞர்கள் வடிவமைத்தார்கள். 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது முதலில் நிறுவப்பட்டது. இணைப்பக அறைகளுக்குள் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சூட்டுக்கு அஞ்சாத இயந்திரம் கிடைப்பது மிகப் பெரிய காரியம். அதைச் சொந்த மூளையால் செய்துகாட்டியவர்களுக்கு என் வணக்கம் என்றும் உண்டு.

அதே பத்தாண்டில்தான் மஞ்சள் நிறத்தில் எழுதிய எஸ்டிடி கூண்டுகள், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் கூண்டுகள், தெருவெங்கும் முளைத்தன. மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அந்தக் கூண்டுகள் பிழைப்பாயின. வீட்டுக்கு ஒரு போன் தர முடியாத நாடு தெருவுக்கு ஒரு போன் தந்தது. ஏழைக்கு முதலில் கிடைத்தது இதுதான்.

1994-இல் நரசிம்ம ராவ் அரசின் புதிய கொள்கை தனியாருக்கு வழி திறந்தது. 1995 ஜூலை 31 அன்று முதல் கைப்பேசி அழைப்பு: கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு பேச, டெல்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் எடுத்தார். பேசியவர் பொதுவுடைமைக் கட்சித் தலைவர். எடுத்தவர் பின்னாளில் ஊழல் வழக்குகளில் தண்டிக்கப்பட்டார். வளர்ச்சியும் கறையும் முதல் அழைப்பிலேயே ஒன்றாக இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்று ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் அளவுக்கு ஆனது. வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டும்.

உரிம ஏலத்தில் அகலக்கால் வைத்த நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் திணறின. 1997-இல் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 1999-இல் வாஜ்பாய் அரசு, நிலையான உரிமக் கட்டணத்தை எடுத்துவிட்டு, ஈட்டும் வருவாயில் ஒரு பங்கைத் தந்தால் போதும் என்று மாற்றியது. நிறுவனங்களுக்கு அது சலுகைதான், அன்றே கடும் விமர்சனமும் எழுந்தது. ஆனாலும் அந்த முடிவு இல்லாமல் துறை எழுந்திருக்காது என்பது என் கணிப்பு. 2000 அக்டோபர் 1 அன்று அரசுத் துறையின் சேவைப் பகுதி பிஎஸ்என்எல் என்ற நிறுவனமானது. 2003 மே மாதத்திலிருந்து வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை. ஒரு கொத்தனாரோ மீனவரோ கைப்பேசி வாங்கத் துணிந்தது அதற்குப் பிறகுதான். வேலைக்குக் கூப்பிடுபவர் காசு கட்டுகிறார், வேலை தேடுபவருக்குச் செலவில்லை.

மன்மோகன் சிங் காலத்தில் வேகம் தலைசுற்ற வைத்தது. 2004 மார்ச்சில் மொத்தம் ஏழரைக் கோடி அளவில் இருந்த தொலைபேசிகள் 2012 மார்ச்சில் 95 கோடியாயின. மோடி காலத்தில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இணையம் அடிமட்டம் வரை இறங்கியது. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியது.

ஒவ்வோர் ஆட்சியும் முந்தைய ஆட்சி போட்ட அடுக்கின் மேல்தான் அடுத்ததைக் கட்டியது. இவர்களில் யாரையாவது வரிசையிலிருந்து உருவிவிட்டால் மேலே உள்ளது சரியும்.

இதில் தமிழ்நாட்டின் பங்கு ஏதும் உண்டா?

உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கினார்கள். வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்கும் செலவைக் குறைப்பதே நோக்கம். கைப்பேசி மலிவானதும் அது பின்தங்கிவிட்டது, என்றாலும் கிராமத்துக்கு இணைப்பு கொடுப்பதை முதன்மைக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர்கள் என்பதால் அவர்களை நான் விட்டுவிட மாட்டேன். தவிர, 2004 முதல் 2010 வரை மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர்கள் இருவரும் தமிழர்கள்: தயாநிதி மாறன், அவருக்குப் பின் ஆ. இராசா. அடுத்த கேள்வி எப்போதும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

2ஜி-யில் ஊழல் நடந்ததா, நடக்கவில்லையா? ஒரு பக்கம் 1,76,000 கோடி என்கிறார்கள், இன்னொரு பக்கம் எல்லோரும் விடுதலை என்கிறார்கள்.

நம் பட்டணத்தில் இதற்காக நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டதுண்டு. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

2ஜி என்பது இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை. அது ஓடும் அலைக்கற்றை கண்ணுக்குத் தெரியாத பொதுச் சொத்து. அதைப் பயன்படுத்தும் உரிமத்தை அரசு கொடுக்கிறது. 2008 ஜனவரி 10 அன்று தொலைத்தொடர்புத் துறை 122 உரிமங்களுக்கான ஒப்புதலை வழங்கியது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை. விலையோ 2001-இல் நிர்ணயித்த விலை, அதாவது நாடு தழுவிய உரிமத்துக்கு 1,658 கோடி ரூபாய். ஏழு ஆண்டுகளில் சந்தை எங்கோ போய்விட்டிருந்தது. விண்ணப்பங்களை ஏற்கும் கடைசி நாளும் பின்னோக்கி நகர்த்தப்பட்டது.

2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. 1,76,000 கோடி என்ற எண் அதில்தான் இருக்கிறது. அது யாரோ வீட்டுக்கு எடுத்துப்போன பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அனுமான இழப்பு: ஏலம் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதைப் பல வழிகளில் கணக்கிட்டதில் மிகப் பெரிய எண். அதே அறிக்கையில் இதைவிட மிகவும் குறைந்த மதிப்பீடும் உண்டு. மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் பெரிய எண் மட்டுமே முழங்கியது.

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. ஒதுக்கீட்டு முறை தன்னிச்சையானது, அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்றது. 2017 டிசம்பர் 21 அன்று டெல்லி சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஓ.பி. சைனி, இராசா, கனிமொழி உட்பட குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தார். சட்டப்படி ஏற்கத்தக்க சான்றோடு யாராவது வருவார்கள் என்று ஏழு ஆண்டுகள் காத்திருந்தும் எவரும் வரவில்லை என்று தீர்ப்பில் வேதனையோடு எழுதினார். மத்தியப் புலனாய்வுத் துறை மேல்முறையீடு செய்தது. 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உரிமம் கொடுத்த முறை தவறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் குற்றம் நடந்தது என்பதை விசாரணை அமைப்புகளால் சிறப்பு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விழுங்குகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

அயலுறவிலும் இது புண் ஏற்படுத்தியது. ரத்தான உரிமங்களில் நார்வேயின் டெலினார், ரஷ்யாவின் சிஸ்டெமா, ஐக்கிய அரபு அமீரகத்தின் எடிசலாட் ஆகியவை பணம் போட்டிருந்த நிறுவனங்களின் உரிமங்களும் அடக்கம். அதே 2012-இல் வோடபோன் மீது பின்தேதியிட்டு வரி விதிக்கும் சட்டத் திருத்தத்தை இந்தியா கொண்டு வந்தது. 2020-இல் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் வோடபோன் வென்றது, 2021-இல் இந்தியாவே அந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. நட்பு நாடு என்பதற்காக முதலீட்டாளர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதில்லை.

நம் நாட்டு ஆனந்த கிருஷ்ணன் ஏன் அந்த வழக்குகளில் பேசப்பட்டார்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து மேக்சிஸ் தொலைபேசி நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர் டான் ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன். சென்னையைத் தளமாகக் கொண்ட ஏர்செல் கைப்பேசி நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்குகளை 2006-இல் மேக்சிஸ் வாங்கியது. பங்குகளை விற்குமாறு ஏர்செல் நிறுவனர் சிவசங்கரன் நெருக்கப்பட்டார் என்பதும், அதற்குக் கைம்மாறாக மாறன் குடும்ப நிறுவனத்தில் முதலீடு வந்தது என்பதும் குற்றச்சாட்டு. 2017 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் மாறன் சகோதரர்களை அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. ஆனந்த கிருஷ்ணன் இந்திய நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை. 2024 நவம்பரில் காலமானார். ஏர்செல் 2018-இல் திவாலாகிவிட்டது.

மலேசியத் தமிழர் ஒருவரின் பணம் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கோபுரங்களாக நின்ற காலம் அது. நம்மில் பலர் பெருமைப்பட்டோம். ஏர்செல் அணைந்தபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் எண்ணை மாற்ற வரிசையில் நின்றார்கள். பெரிய மனிதர்களின் வழக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஏடுகள் அவர்களைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதின.

இணையம் அங்கே ஏன் இவ்வளவு மலிவு? நமக்கு ஏன் அப்படி இல்லை?

மக்கள்தொகை ஒரு காரணம். ஒரு கோபுரத்தின் செலவை அங்கே பல்லாயிரம் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் போட்டி. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மோதிக்கொண்டன. 2009-இல் நொடிக்கணக்கில் கட்டணம் வந்தது. 2016-இல் ஜியோ மாதக்கணக்கில் இலவசமாகவே கொடுத்தது. 2014-இல் ஒரு ஜிபி தரவுக்கு 250 ரூபாய்க்கு மேல் ஆனது. சில ஆண்டுகளில் அது பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியது.

அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின அல்லது இணைந்தன. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வருவாய்ப் பங்கு நிலுவை குறித்து அளித்த தீர்ப்பு மிச்சம் இருந்தவற்றையும் உலுக்கியது. வோடபோன் ஐடியாவின் நிலுவையைப் பங்குகளாக மாற்றிக்கொண்டு, அரசே அதன் மிகப் பெரிய பங்குதாரரானது. பிஎஸ்என்எல்லில் 2020 ஜனவரி இறுதியில் ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் அதிகமான ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். புயலடித்த மறுநாள் கம்பத்தில் ஏறுபவர்கள் அவர்கள்தாம். என் தொழிலைச் செய்தவர்கள் என்பதால் அந்தச் செய்தியை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

இப்போது தனியார் மூன்று, அரசு நிறுவனம் ஒன்று. 2024 ஜூலையில் தனியார் மூவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தினார்கள். போட்டி மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் பேசும்போது அது எந்த வழியாகப் போகிறது? செயற்கைக்கோளா?

பெரும்பாலும் கடலுக்கடியில். இந்தக் கேள்வியைச் சிறு பிள்ளைகள் கேட்கும்போது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே முதல் கடலடித் தந்திக் கம்பி 1870-71-இல் போடப்பட்டது. அது சிங்கப்பூர் வரை நீண்டது. 1981-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தொலைபேசிக்கான கம்பி வந்தது. பின்னர் ஒளியிழைக் காலம். 2005-இல் இயங்கத் தொடங்கிய சீ-மீ-வீ 4 என்ற கம்பி மலாக்காவையும் சென்னையையும் தொடுகிறது. அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த வங்காள விரிகுடா நுழைவாயில் என்ற கம்பி பினாங்கிலிருந்து சென்னை, கொழும்பு, மும்பை வழியே ஓமான் வரை போகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து வடக்கே வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பினாங்கின் கரையில்தான் நம் பேச்சு கடலுக்குள் இறங்குகிறது.

முதல் கம்பியின் ஆண்டை மறுபடி பாருங்கள். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்த அதே காலம். கம்பி அவர்கள் கடந்த அதே கடலுக்கடியில் கிடந்தது. அதில் போனவை அரசாங்க ஆணைகளும் வணிகர்களின் விலை நிலவரமும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவருக்குத் தந்திக்கட்டணம் எட்டாத தொலைவு. தாய் இறந்த செய்தி கப்பல் கடிதத்தில் வந்து, கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் படித்துச் சொல்லி, காரியம் முடிந்து வாரக்கணக்கான பிறகே பிள்ளைக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு ரஜுலா கப்பல் ஓடிய நாள்வரைக்கும் பல குடும்பங்களில் இதுதான் நடைமுறை. கம்பி போட்டு நூறாண்டு கழிந்தும் அது தோட்டத்து மனிதருக்கு வந்து சேரவில்லை. எந்த நாட்டுத் தலைவர் எந்த வளர்ச்சியைப் பற்றிப் பேசினாலும் என் காது முதலில் தேடுவது இதைத்தான்.

துன் சம்பந்தன் தொலைபேசித் துறைக்கும் அமைச்சராக இருந்தாராமே?

ஆம். இந்தத் தொகுதியின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-களில் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். அவர் இங்கே உருவாக்கிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் திறந்துவைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

இந்தியா, மலேசியா நட்பு உண்மையிலேயே உறுதியானதா?

அடித்தளம் உறுதியானது. 1962-இல் சீனா இந்தியாவைத் தாக்கியபோது அன்றைய நம் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் வெளிப்படையாக இந்தியாவின் பக்கம் நின்று நிதியும் திரட்டினார். 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது ஐ.நா.வில் மலேசியா எடுத்த நிலைப்பாட்டால் சினமுற்ற பாகிஸ்தான் நம்மோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. இவற்றை டெல்லி மறந்திருக்காது என்று நம்புகிறேன்.

ஆனால் நட்பு சுருங்கினால் யார் தலையில் விழும் என்பதை 2020 காட்டியது. 2019 செப்டம்பரில் பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுச் சபையில் காஷ்மீரைப் பற்றிப் பேசும்போது, அது படையெடுத்து ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்றார். அந்த ஆண்டு மலேசியப் பாமாயிலை உலகிலேயே அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. ஆணையில் மலேசியாவின் பெயர் இல்லை, ஆனால் மலேசியாவிடம் வாங்குவதை அங்குள்ள வணிகர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நியூயார்க்கில் பேசிய ஒரு வாக்கியம் பேராவில் செம்பனைக் குலை எடைபோடும் இடம் வரை வந்தது. குலை வெட்டுபவர் காஷ்மீரைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை. இழப்பில் அவருக்கும் பங்கு வந்தது.

நம் நாட்டில் ஆட்சி மாறியதும் உறவு சீரானது. மலேசியா இந்தியாவிடம் ஒரு லட்சம் டன் அரிசி வாங்க ஒப்புக்கொண்டது, பாமாயில் கொள்முதலும் திரும்பியது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா வரலாம். 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் டெல்லி சென்றபோது உறவு விரிவான உத்திசார் கூட்டாண்மையாக உயர்த்தப்பட்டது. ஒரு நாடு மனச்சாட்சிப்படி பேசக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பேசும்போது, விளைவைச் சுமக்கப்போகிற தோட்டத் தொழிலாளிக்கும் சிறு தோட்டக்காரருக்கும் என்ன ஏற்பாடு என்பதையும் யோசித்துவிட்டுப் பேச வேண்டும்.

சீனக் கருவிகளை இந்தியா தடை செய்துவிட்டதா?

பெயர் சொல்லித் தடை இல்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாத இறுதியில் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகள் முடக்கப்பட்டன. 2021 ஜூன் முதல், நம்பத்தக்க மூலங்கள் என்று அரசு ஏற்ற இடங்களிலிருந்தே தொலைத்தொடர்புக் கருவிகள் வாங்க வேண்டும் என்ற விதி வந்தது. நடைமுறையில் சீன நிறுவனங்களுக்கு 5ஜி-யில் இடம் இல்லாமல் போயிற்று. மறுபுறம் சி-டாட், தேஜஸ் நெட்வொர்க்ஸ், டிசிஎஸ் ஆகியவை சேர்ந்து உள்நாட்டு 4ஜி தொழில்நுட்பத்தை உருவாக்கின. 2025 செப்டம்பரில் பிஎஸ்என்எல் அதை நாடு முழுவதும் தொடங்கிவைத்தது. தனியார் நிறுவனங்கள் 5ஜி-க்குப் போன பிறகு 4ஜி வருவது தாமதம்தான். இருந்தாலும் 1986-இல் கித்தூரில் முதல் இணைப்பகத்தை நிறுவிய அதே சி-டாட் நாற்பதாண்டு கழித்தும் களத்தில் நிற்கிறது என்பது எனக்குப் பெருமை.

வளர்ந்த நாடு என்றால் இணையத்தை ஏன் அடிக்கடி முடக்குகிறார்கள்?

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் சிறப்பு நிலை நீக்கப்பட்டபோது தொலைபேசி, இணையம் எல்லாம் துண்டிக்கப்பட்டன. 4ஜி வேகம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். நோய்த்தொற்றுக் காலத்துப் பள்ளிப் பாடத்தை அங்குள்ள பிள்ளைகள் 2ஜி-யில் படிக்க முயன்றார்கள். 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்த முடியாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று சொன்னது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தபோது மறுபடி மாதக்கணக்கில் முடக்கம். வதந்தியைத் தடுக்க என்று அரசு காரணம் சொல்கிறது. வதந்தியைப் பொய் என்று சொல்லும் செய்தியும் அதே கம்பியில்தான் வர வேண்டும்.

இந்தியா பிற நாடுகளுக்கு இதில் ஏதாவது செய்திருக்கிறதா?

அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது 2004-இல் ஆப்பிரிக்க நாடுகளின் பொது நாடாளுமன்றத்தில் ஒரு யோசனையை முன்வைத்தார்: இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் செயற்கைக்கோளாலும் ஒளியிழையாலும் ஆப்பிரிக்காவோடு இணைப்பது. 2009 பிப்ரவரியில் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆப்பிரிக்க மருத்துவமனை ஒன்றில் இருக்கும் நோயாளியின் படத்தை இந்திய மருத்துவர் பார்த்து ஆலோசனை சொன்னார். 2017 மே மாதம் தெற்காசிய அண்டை நாடுகளுக்காக ஒரு செயற்கைக்கோளையும் இந்தியா ஏவியது. இராமேசுவரத்தில் பிறந்த ஒருவர் ஆப்பிரிக்க நோயாளியை நினைத்துப் போட்ட திட்டம், அரசாங்க விருந்துகளை விட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குப் போன் எண்ணை வைத்தே பணம் அனுப்ப முடிகிறதாமே?

முடிகிறது. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யூபிஐ முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன.

இந்தியக் காவல்துறை என்று சொல்லிக் காணொளியில் மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

துண்டித்துவிடுங்கள். "டிஜிட்டல் கைது" என்று இந்தியச் சட்டத்தில் எதுவுமே இல்லை. எந்த நாட்டுக் காவலரும் காணொளி அழைப்பில் உங்களைக் கைது செய்து பணம் கேட்க மாட்டார். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவைக்க வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

ஐயா, எங்கள் தோட்டத்திலேயே சிக்னல் கிடைப்பதில்லை. இந்தியாவின் கதை எங்களுக்கு எதற்கு?

இதைக் கேட்டவர் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவியின் தாய். எல்லாக் கேள்விகளிலும் இதையே முக்கியமானதாக எண்ணுகிறேன்.

லாபம் இல்லாத இடத்தில் எந்த நிறுவனமும் தானாகக் கோபுரம் கட்டாது. அதனால்தான் இரு நாடுகளிலும் பொது நிதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டை அதற்குத் தருகின்றன. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுபோகும் பாரத்நெட் திட்டம் அந்தப் பணத்தில் ஓடுகிறது. 2011-இல் ஒப்புதல் பெற்ற அந்த வேலை திட்டமிட்டதைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியது, ஏனென்றால் நிதி இருப்பது மட்டும் போதவில்லை. மலேசியாவிலும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் கணக்கிட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டை உலகளாவிய சேவை நிதிக்குக் கட்டுகின்றன. 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டமும் சிக்னல் இல்லாத இடங்களை எட்டுவதற்கென்றே வந்தது. ஆகவே தோட்டத்துக்குக் கோபுரம் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது. உங்களுக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கேட்கிறீர்கள்.

தோட்டத்து நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் கோபுரத்துக்கு இடம் தரும் ஒப்புதல் அங்கேதான் அதிகம் சிக்குகிறது. முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். எந்த லயத்தில், எந்த நேரத்தில், எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கவில்லை என்று வீடு வீடாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் பதிந்து எண் வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே எண்ணைக் குறிப்பிட்டு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியை நம் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். மலாயில் எழுத உதவி வேண்டுவோர் என்னிடம் வரலாம். கடிதத்தை உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.